18,000 சொல்லில் ஒரு குறுநாவல்: எந்தப் பதிப்பகம், எந்த வடிவம்?

வெண்ணாற்றங்கரை, மன்னார்குடி

வணக்கம். திருத்தம் எல்லாம் முடிந்த கைப்பிரதி, 12 அத்தியாயம், 18,000 சொல். சிறுகதைத் தொகுப்பு போடுகிறவர்கள் "இது நாவல்" என்கிறார்கள். நாவல் போடுகிறவர்கள் "இன்னும் நூறு பக்கம் எழுத முடியுமா?" என்கிறார்கள். கதை இந்த அளவில்தான் முழுமையாக இருக்கிறது. குறுநாவலை இந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளும் பதிப்பகத்தை எப்படித் தேடுவது? தனி நூலாகப் போடச் சொல்வதா, வேறு ஒன்றோடு சேர்ப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதி அச்சு, தஞ்சாவூர்

ஐயா, அவர்கள் நூறு பக்கம் கூடுதலாகக் கேட்பது உங்கள் கதையில் குறை கண்டதால் அல்ல. முதுகு, அதாவது அலமாரியில் தலைப்பு தெரியும் விளிம்பு, போதவில்லை என்பதால்.

உங்கள் பிரதியையே கணக்குப் போடுகிறேன். நாவல்கள் வழக்கமாக வரும் டெம்மி 1/8 அளவில், 11 புள்ளி எழுத்தில், தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு 190 சொல் பிடிக்கும். 18,000 சொல்லுக்கு 95 பக்கம். ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் சராசரியாக அரைப் பக்கம் வீணாகும். 12 அத்தியாயத்துக்கு 6 பக்கம். தலைப்புப் பக்கம், நூல் விவரப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரைக்கு 8. ஆக 109. ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் கட்டான ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம் என்பதால் 112இல், 7 ஃபாரமாக நிற்கும்.

70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற வழக்கமான புத்தகத் தாளின் கனம் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். 112 பக்கம் என்றால் 56 தாள், முதுகு 5 மில்லிமீட்டர். பைண்டிங்கில் அட்டை மடிப்பு ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்வது சகஜம். 5 மில்லிமீட்டர் முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் எழுத்து வைத்தால் பாதிப் பிரதிகளில் தலைப்பு முன்னட்டைப் பக்கம் வழிந்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கினால் கடை அலமாரியில் கண்ணுக்குப் படாது. முதுகு தெரியாத புத்தகம் விற்காது என்று பதிப்பாளர் பயப்படுகிறார்.

அடுத்தது விலை. 112 பக்கத்துக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 35 சதவீதம் கழிவு, அதில் 52.50 போயிற்று. ராயல்டி 10 சதவீதம், 15 ரூபாய். மிச்சம் 82.50. அட்டை ஓவியம், அட்டை அச்சு, லேமினேஷன், பைண்டிங், பார்சல் கட்டுகிற கூலி எல்லாம் 112 பக்கத்துக்கும் 224 பக்கத்துக்கும் அநேகமாக ஒன்றுதான். தாளும் உள்அச்சும் மட்டுமே பக்கத்தோடு கூடும். ஆனால் 224 பக்க நூலுக்கு 300 ரூபாய் விலை வைக்கலாம். குறுநாவலைத் தள்ளிவிடுவது இந்தக் கணக்குத்தான்.

இதற்கு வழி உண்டு. டெம்மியைவிடச் சிறிய கிரவுன் 1/8 அளவுக்கு மாறுங்கள். பக்கத்துக்கு 140 சொல்தான் பிடிக்கும். அதே பிரதி 129 பக்கம் ஆகி, மற்றவை சேர்ந்து 144இல், 9 ஃபாரமாக வரும். முதுகு 6.5 மில்லிமீட்டர். இயற்கை நிறத்தில் கொஞ்சம் பொதியான 80 ஜிஎஸ்எம் தாள் போட்டால் 8 மில்லிமீட்டரைத் தாண்டும். கையடக்கமாக இருக்கும், எழுத்தையும் அடைக்க வேண்டியதில்லை. பதிப்பாளருக்கு எழுதும்போது "கிரவுன் அளவில் 144 பக்கம் வரும்" என்று ஒரு வரி சேருங்கள். கணக்குத் தெரிந்த ஆள் என்று கடிதத்தை நின்று படிப்பார்கள்.

குடந்தை வாசகி

அச்சு அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நூறு பக்கம் கூட்டாதீர்கள். குறுநாவலை இழுத்தால் முதலில் கெடுவது நடு. தொடக்கமும் முடிவும் அப்படியே இருக்க, நடுவில் ஒரு கல்யாணம், ஒரு ஊர்ப்பயணம், ஒரு முன்கதை என்று நுழைப்பார்கள். படிக்கிறவர் ஏழாவது அத்தியாயத்தில் மூடி வைத்துவிடுவார்.

என் யோசனை, இரண்டு குறுநாவல் ஒரே நூலாக. 18,000 சொல்லும் 14,000 சொல்லும் சேர்ந்தால் டெம்மியில் 190 பக்கத்துக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ வரும். முதுகும் கிடைக்கும், விலையும் கிடைக்கும், ஒரு சொல்லையும் நீட்ட வேண்டாம். "குறுநாவல்கள்" என்ற பெயரிலேயே தொகுப்பு போடுவது தமிழில் நெடுநாளைய வழக்கம்.

வெண்ணாற்றங்கரை, மன்னார்குடி

அக்கா, இரண்டாவது ஒன்று கையில் இல்லை. சிறுகதைகள் ஆறு இருக்கின்றன. "ஒரு குறுநாவலும் ஆறு கதைகளும்" என்று போடலாமா?

குடந்தை வாசகி

போடலாம், ஆனால் போடாதீர்கள் என்பேன் தம்பி. மதிப்புரை எழுதுகிறவர் கதைகளைப் பற்றி நாலு வரி, குறுநாவலைப் பற்றி நாலு வரி என்று பங்கு போட்டுவிடுவார். பரிசுக்கு அனுப்பும்போது நாவல் பிரிவா, சிறுகதைப் பிரிவா என்ற குழப்பமும் வரும். ஆறு கதையை வைத்திருங்கள், பன்னிரண்டு ஆகட்டும், தனித் தொகுப்பாகும்.

பழங்காவேரி, மயிலாடுதுறை

இரண்டு குறுநாவல் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பலமானதை முன்னால் வைத்தால் பின்னது படிக்கப்படாது. பலவீனமானதை முன்னால் வைத்தால் நூலே படிக்கப்படாது. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே தொழிலில், அல்லது ஒரே கேள்வியில் நின்றால் மட்டும் சேருங்கள். இல்லாவிட்டால் கிரவுனில் தனி நூல்தான் மேல்.

அதற்கும் முன்னால், நேராகப் பதிப்பகத்துக்குப் போகாமல் இதழ் வழியாகப் போகலாம். குறுநாவலுக்குத் தமிழில் முதல் இடம் இதழ்தான். தி. ஜானகிராமன் நினைவாகக் கணையாழி நடத்திய குறுநாவல் போட்டிதான் பலருக்கு வாசலைத் திறந்தது. அவரும் உங்கள் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடிக்காரர். இன்று இணைய இதழ்களில் இட நெருக்கடி இல்லை. சொல்வனம் போன்றவை தொடராகவே வெளியிடுகின்றன. அச்சிதழுக்கு 18,000 சொல் பெரும்பாலும் பாரம். சிறப்பிதழ் சமயத்தில் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தொடராகக் கொடுக்கும்போது 2,500 முதல் 4,000 சொல்லுக்கு ஒரு பகுதி. வெட்டும் இடத்தை ஆசிரியர் கையில் விடாதீர்கள், நீங்களே குறித்து அனுப்புங்கள். உங்கள் அத்தியாயம் ஒவ்வொன்றும் 1,500 சொல் என்றால் இரண்டிரண்டாக ஆறு பகுதி.

மாத நாவல் என்ற வழியும் இருக்கிறது. பாக்கெட் அளவில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குபவை. அவற்றின் நீளம் குறுநாவலின் நீளம்தான். ஆனால் அங்கே குடும்பக் கதை, குற்றக் கதை, பேய்க் கதை என்று வகை தெளிவாக இருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே சம்பவம் வேண்டும். உங்கள் எழுத்து அந்த வகை என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

தாளடி, திருவாரூர்

இணையத்தில் வந்துவிட்டால் புத்தகம் போட மாட்டேன் என்பார்களா? கிண்டிலில் போடுவதற்கும் தடை வருமா?

பழங்காவேரி, மயிலாடுதுறை

புத்தகத்துக்குப் பொதுவாகத் தடையில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சிலர் "நூல் வந்ததும் இணையத்திலிருந்து பாதியை எடுக்கச் சொல்லுங்கள்" என்பார்கள். அதனால் இதழுக்கு அனுப்பும்போதே மின்னஞ்சலில், ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும் தருகிறேன், நூலாக்கும் உரிமை என்னிடமே இருக்கும் என்று எழுதிவிடுங்கள்.

கிண்டிலில்தான் மாட்டிக்கொள்வார்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் மின்நூல் வெளியீட்டுத் தளமான கேடிபியில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும்; இல்லாவிட்டால் 35தான். செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் முழுக்கதையும் கிடக்கும்போது செலக்டில் டிக் போட்டால் விதி மீறல், நூலை நீக்கிவிடுவார்கள். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடியும்போது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள், அந்த டிக்கைப் போய் எடுக்க வேண்டும்.

போட்டிகளில் "இதுவரை எங்கும் வெளிவராதது" என்று இருந்தால் பிரதிலிபி, முகநூல், சொந்த வலைப்பூ எல்லாம் அதில் அடக்கம். முதல் அத்தியாயத்தை மட்டும் ஆசைக்குப் போட்டிருந்தாலும் தகுதி போகும். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் போட்டி, பிறகு இதழ், பிறகு நூல். இந்த வரிசையைப் பின்னாலிருந்து தொடங்க முடியாது.

குடந்தை வாசகி

பதிப்பகம் தேர்ந்தெடுக்க எளிய முறை: அவர்களுடைய விலைப்பட்டியலை வாங்கி 80 முதல் 150 பக்கம் வரை உள்ள புனைவு எத்தனை என்று எண்ணுங்கள். மொழிபெயர்ப்பு எத்தனை, நேரடித் தமிழ் எத்தனை என்று பிரியுங்கள். மெலிந்த நூல் எல்லாமே மொழிபெயர்ப்பு என்றால் உங்களுக்கு அங்கே வேலை கடினம். நேரடித் தமிழில் மூன்றோ நான்கோ இருந்தால் அவர்கள் முதல் ஆள். காலச்சுவடு, எதிர் வெளியீடு, தமிழினி, யாவரும், ஜீரோ டிகிரி என்று எல்லாப் பட்டியலையும் இப்படிப் பாருங்கள். சென்னையை மட்டும் நினைக்க வேண்டாம். காலச்சுவடு நாகர்கோவில், எதிர் பொள்ளாச்சி, வம்சி திருவண்ணாமலை, நமக்குத் தஞ்சாவூரிலேயே அகரம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தலைப்பு, சொல் எண்ணிக்கை, கதைச்சுருக்கம் எட்டு வரி, முடிவையும் சேர்த்து. "முடிவை நூலில் காண்க" என்று மறைக்காதீர்கள், ஆசிரியர் குழுவுக்கு முடிவுதான் முக்கியம். ஏற்கனவே எங்கே வந்தது என்ற விவரம். நாவலுக்கு மூன்று அத்தியாயம் அனுப்புவது போல் குறுநாவலுக்குச் செய்ய வேண்டாம், முழுப்பிரதியும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல். பதில் இல்லையென்றால் "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த இடம்.

மேலவீதி அச்சு, தஞ்சாவூர்

கோப்பு பற்றி. யூனிகோடில், வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி "கொடி" என்பது "காெடி" ஆகும். கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், தேடினால் கிடைக்காது, வரி முடிவில் உடையும். பழைய பாமினி, டாம் எழுத்துருவில் தட்டியதை மாற்றினாலும் இதே தொல்லை. மாற்றியபின் "ௌ" இருக்க வேண்டிய இடத்தில் "ெள" இருக்கிறதா, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நூலில் அச்சாகி வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான்.

பக்க வடிவமைப்பவர் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மெய்ப்பு இரண்டு முறை: ஒன்று பிழைக்கு, மற்றொன்று ஒற்றுக்கும் வரி உடைவுக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது.

அரசலாறு, காரைக்கால்

ஒப்பந்தம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. குறுநாவலுக்கு இது நாவலைவிட முக்கியம், ஏனென்றால் படமாக்க வசதியான நீளம் இதுதான். இரண்டு மணி நேரப் படத்துக்குக் குறுநாவல் அப்படியே பொருந்தும்.

1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். தொலைபேசியில் "சரி சார், போட்டுக்குங்க" என்றது உரிமை மாற்றம் ஆகாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். இந்தக் கடைசி விதிதான் பலருக்குத் தெரியாது. பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு அச்சிடாமல் இருந்தால், ஒப்பந்தத்தை எடுத்து "வேறு மாதிரி" ஏதும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதிப்பகம் நீட்டும் தாளில் "அனைத்து உரிமைகளும்" என்ற இரண்டு சொல் இருந்தால் அடித்துவிட்டு, "தமிழில் அச்சு நூல் உரிமை, 3 ஆண்டு" என்று எழுதச் சொல்லுங்கள். மின்நூல் வேண்டுமென்றால் தனி வரி. ஒலிநூல் தனி வரி. மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத்தொடர் மூன்றும் உங்களிடமே. ராயல்டி 10 சதவீதம் என்றால் எதில் 10 என்று எழுத வேண்டும். அச்சிட்ட விலையிலா, கழிவு போன பிறகு கைக்கு வந்ததிலா? 150 ரூபாய் நூலுக்கு முன்னதில் 15 ரூபாய். பின்னதில் 35 சதவீதக் கழிவுக்குப் பின் 9.75. கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 வரையிலானது, ஜூனுக்குள் வர வேண்டும் என்று தேதியோடு எழுதுங்கள். மறுபதிப்புக்கு முன் தகவல் தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். நல்ல பதிப்பாளர் சுளிக்க மாட்டார்.

தாளடி, திருவாரூர்

பணம் கேட்கிற பதிப்பகங்கள் பற்றி?

அரசலாறு, காரைக்கால்

எழுத்தாளர் பணம் போட்டு அச்சிடுவது தப்பில்லை, அதைப் பதிப்பு என்று சொல்லி வாங்குவதுதான் தப்பு. பணம் கொடுப்பதாக இருந்தால் கேட்க வேண்டியவை: எத்தனை பிரதி என்பதற்கு அச்சக ரசீதின் நகல். பிரதிகள் யாருடைய சொத்து. வடிவமைத்த மூலக்கோப்பும் அட்டைக் கோப்பும் உங்கள் கைக்கு வருமா. பணமும் கொடுத்து உரிமையையும் கொடுக்கிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தேவைக்கேற்ற அச்சு முறையில் 50 பிரதி போட்டாலும் போதும் இன்று. வீட்டுப் பரணில் 500 கட்டிக் கிடக்க வேண்டியதில்லை.

சொந்தமாகப் போட்டால் நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் பணம் தராதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தனிநபர் எழுத்தாளரும் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கு ஒரு எண், மின்நூலுக்கு வேறு எண். பிறகு ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டால் அவர்கள் புது எண் போடுவார்கள், பழையது அந்தப் பதிப்புக்குச் செல்லாது. நூல் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954 சட்டப்படி பதிப்பாளர் கடமை. சொந்தப் பதிப்பில் அந்தப் பதிப்பாளர் நீங்கள்.

பழங்காவேரி, மயிலாடுதுறை

காலம் பற்றி ஒன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் பிரதி பதிப்பகத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் அக்டோபருக்கு மேல் போவதெல்லாம் அடுத்த ஆண்டுக்குத்தான். நவம்பரில் அனுப்பி "பதில் இல்லை" என்று வருந்துகிறவர்கள் அதிகம். அந்த மாதம் அவர்கள் கையில் மெய்ப்புத் தாளைத் தவிர வேறெதுவும் இருக்காது.

மேலவீதி அச்சு, தஞ்சாவூர்

ஐப்பசி கார்த்திகை அச்சுக்கு இன்னொரு சங்கடம். லேமினேஷன் அட்டையின் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கத் தாள் மழை ஈரத்தை இழுத்து விரியும், பிளாஸ்டிக் விரியாது, அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்கும். மெலிந்த நூலில் இது மோசம், ஏனென்றால் அமுக்கிப் பிடிக்க உள்ளே கனமில்லை. குறுநாவலுக்கு 250 வேண்டாம், 300 ஜிஎஸ்எம் அட்டை போடச் சொல்லுங்கள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கட்டைப் பிரித்ததும் படுக்கவைத்து மேலே எடை ஏற்றுங்கள், நிறுத்தி வைக்காதீர்கள்.

குடந்தை வாசகி

விற்பனைக்கு: மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் இப்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கிலும் நடக்கின்றன. மெலிந்த நூலை முதுகு காட்டி அடுக்க விடாமல் அட்டை தெரியும்படி வைக்கச் சொல்லி, முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரியையும் மறக்க வேண்டாம். பூண்டி, குடந்தை அரசு ஆடவர் கல்லூரி, மன்னம்பந்தல் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளுக்குச் சொந்தப் பாடத்திட்டக் குழு உண்டு. ஒரு பருவத்தில் முடிக்கக் குறுநாவல் வாகான அளவு. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் தமிழ்த்துறைக்கு இரண்டு பிரதி அனுப்பி வைப்பது வீண்போகாது.

நூலகத் துறைக் கொள்முதலுக்கு இணையதளம் வழியாக விண்ணப்பம். அறிவிப்பு வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

தாளடி, திருவாரூர்

அஞ்சலில் அனுப்பினால் கட்டுமா அக்கா? பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டதே.

மேலவீதி அச்சு, தஞ்சாவூர்

நான் சொல்கிறேன் தம்பி. டெம்மி 112 பக்கம், 70 ஜிஎஸ்எம், அட்டையோடு 140 கிராம் வரும். 2025 மே முதல் இருக்கும், நூல்களுக்கான ஞான போஸ்ட் என்ற அஞ்சல் சேவையில் 300 கிராம் வரை ஒரே கட்டணம், 20 ரூபாயும் வரியும். ஒரு பிரதி தாராளமாகப் போகும். இரண்டு பிரதியை மெல்லிய உறையில் போட்டால் எல்லையைத் தொடும், அட்டைப்பெட்டியில் போட்டால் தாண்டும். எந்த வகை நூல் அதில் சேரும் என்று உங்கள் அஞ்சலகத்தில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வெண்ணாற்றங்கரை, மன்னார்குடி

எல்லோருக்கும் நன்றி. நூறு பக்கம் கூட்டவில்லை. போட்டி அறிவிப்பு ஏதும் இப்போது இல்லாததால் முதலில் இணைய இதழுக்கு, ஆறு பகுதியாக, வெட்டும் இடம் குறித்து அனுப்புகிறேன். ஒருமுறை உரிமை மட்டும் என்ற வரியும் போகிறது. அது முடிந்ததும் விலைப்பட்டியல் எண்ணிப் பார்த்து, கிரவுன் 144 பக்கம் என்று எழுதிப் பதிப்பகத்துக்கு. ஒரே சந்தேகம்: கிரவுனில் 11 புள்ளி எழுத்து பெரிதாகத் தெரியாதா?

மேலவீதி அச்சு, தஞ்சாவூர்

தெரியாது ஐயா. 11 புள்ளிக்கு 15 புள்ளி வரி இடைவெளி வையுங்கள், பக்கத்துக்கு 24 வரி. முதல் அத்தியாயத்தை மட்டும் அந்த அளவில் ஏ4 தாளில் எடுத்து, 12 சென்டிமீட்டர் அகலம் 18 உயரத்துக்கு வெட்டிக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். உள்ஓரம் 18 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மட்டும் முதுகுப் பக்கச் சொற்கள் மடிப்புக்குள் போய்விடும்.